மருச் சிகிச்சைக்குத் தடுப்பூசி தடையல்ல: யாழ்ப்பாணத்தில் நான் பெற்ற சேவைகள் பற்றி

பெண்களின் பிறப்புறுப்பில் தோன்றும் மருக்களுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது, போனால் எப்படி நடத்துவார்கள், கொரோனாத் தடுப்பூசி போட்டவர்களும் போடக் காத்திருப்பவர்களும் அந்தச் சிகிச்சையைப் பெறலாமா என்ற கேள்விகளுக்குத் தமிழில் நேராகப் பதில் சொல்லும் எழுத்து எதுவும், எனக்குத் தேவைப்பட்ட காலத்தில் என் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அடுத்த ஆண்டு வரை நான் போய்வந்த இடங்களைப் பற்றி, நிறைகளையும் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். எந்த நிலையத்தின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. குடாநாடு சிறியது, இடத்தின் பெயரைச் சொன்னால் அங்கே பணிபுரிபவர் யாரென்பதும் தெரிந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் கிடைத்த கவனிப்பு மிகச் சிறந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் கிடைத்த ஆலோசனை தவறானது. தடுப்பூசி நிலையம் தன் வேலையைச் செம்மையாகச் செய்தது. ஆனால் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி மெதுவாக ஒரு கேள்வி கேட்பதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஊரில் பாலுண்ணி என்று சொல்லப்படும் சாதாரண மருவைப் போலவே இதற்கும் காரணம் எச்.பி.வி. என்ற வைரசுக் குடும்பமே. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பிறப்புறுப்பு மருக்களில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு 6ஆம், 11ஆம் வகைகளால் உண்டாகின்றன. இவை புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் அல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபதுக்குக் காரணமான 16ஆம், 18ஆம் வகைகள் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால், பல இரவுகளை நித்திரையில்லாமல் கழித்திருக்க மாட்டேன்.

முதலில் நான் போனது நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு. சுத்தமான இடம், மாலை நேரத்தில் திறந்திருக்கும், பெண் வைத்தியரைச் சந்திக்கலாம் என்பவையே அங்கே போனதற்கான காரணங்கள். கட்டணம் கட்டி, இலக்கத்துண்டு பெற்று, நெடுநேரம் காத்திருந்து உள்ளே போன பின், பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மரு என்பதைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் இந்த நாட்களில் கொரோனாத் தடுப்பூசி போடவேண்டியிருப்பதால் மருவில் கை வைக்கக்கூடாது என்றும், ஊசி எல்லாம் போட்டு முடித்துச் சில மாதங்கள் கழித்து வரும்படியும் சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உடம்புக்கு ரெண்டையும் தாங்க ஏலாது" என்ற ஒரு வரிதான் பதில். அரச சிகிச்சை நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதை ஒரு சொல்லேனும் சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒரு நோயாளியை வெறுங்கையோடு அனுப்புவதைவிட, போகவேண்டிய இடத்தைக் காட்டாமல் அனுப்புவது பெரிய குறை என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்கான தடுப்பூசி 2021 மே மாத இறுதியில் சினோபாம் ஊசியோடு தொடங்கியது. கிராம சேவையாளர் பிரிவு பிரிவாகப் பெயர்ப்பட்டியல் தயாரித்து, பாடசாலை மண்டபங்களில் போட்டார்கள். எங்கள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட பாடசாலையில் ஒழுங்கு பாராட்டத்தக்கதாக இருந்தது. வாசலில் கை கழுவத் தண்ணீர், இடைவெளி விட்டுப் போட்ட கதிரைகள், வயோதிபர்களுக்கு முன்னுரிமை, ஊசி போட்டபின் இருந்து பார்க்க வைக்கும் நேரம், இரண்டாவது ஊசிக்கான திகதி எழுதிய அட்டை எல்லாம் முறைப்படி நடந்தன. வெயிலில் காலையிலிருந்து நின்று வேலை செய்த பொதுச் சுகாதார பரிசோதகர்களையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

குறை அந்த மண்டபத்தின் அமைப்பில் இருந்தது. காய்ச்சல் இருக்கிறதா, ஒவ்வாமை உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, ஏதாவது நோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்கும் மேசை, வரிசையின் தலைமாட்டிலேயே போடப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பின்னால் என் மாமியாரின் கோயில் கூட்டாளி. முகக்கவசத்துக்குள்ளால் கேட்கும் கேள்வியும் சொல்லும் பதிலும் உரத்த குரலில்தான் போகவேண்டியிருந்தது. "ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ?" என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். மருச் சிகிச்சை பற்றி நான் கேட்க நினைத்த கேள்வி கேட்கப்படவே இல்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்ததாக இருக்க முடியாது. மாதவிடாய்ப் பெருக்கு, கருச்சிதைவு, கருத்தடை ஊசி என்று எத்தனையோ விடயங்களை வாயில் வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் அந்த மேசையைக் கடந்திருப்பார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு திரையும் இரண்டு கதிரைகளும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரும் இருந்திருந்தால் போதும்.

கேட்கப்படாத கேள்விக்குப் பதில் வதந்தியாக வந்தது. ஊசி போட்டால் மரு பெருகும் என்றார் ஒருவர். ஊசியோடு மருவும் தானாக விழுந்துவிடும் என்றார் இன்னொருவர். ஊசி போட்டவர்களுக்கு மருவைச் சுடக்கூடாது என்று கொழும்பிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியில் சொன்னார். உண்மையில், இலங்கையில் போடப்பட்ட கொரோனா ஊசிகளில் எதிலும் எச்.பி.வி. இல்லை. சினோபாம், செயலிழக்கச் செய்யப்பட்ட கொரோனா வைரசைக் கொண்டது. கோவிஷீல்ட், உடம்பில் பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரசின் மூலம் செயற்படுவது. பைசர், தூது ஆர்.என்.ஏ. என்ற கட்டளைத் துண்டைக் கொண்டது. மருவை உறையவைப்பதோ, அமிலம் பூசுவதோ, களிம்பு தடவுவதோ இந்த ஊசிகள் எதனோடும் மோதுவதில்லை. சிகிச்சைக்காக ஊசியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை, ஊசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. தடுப்பூசிக்குப் பின் மரு தோன்றியதாகவும், இருந்த மரு மறைந்ததாகவும் தனித்தனி நோயாளர் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. ஆனால் மருவில் ஒரு பகுதி சிகிச்சையே இல்லாமலும் சில மாதங்களில் மறையும் இயல்புடையது, தொற்றிய வைரசு மருவாக வெளிப்படவும் வாரங்களிலிருந்து மாதங்கள் வரை எடுக்கும். ஊர் முழுவதும் ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஆண்டில், எந்த மரு தோன்றினாலும் எந்த மரு மறைந்தாலும் அது ஊசிக்குப் பிறகுதான் நிகழ்ந்திருக்கும்.

இரண்டாவது ஊசியும் முடிந்து, ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கும் ஒக்ரோபர் முதலாம் திகதி நீங்கிய பின்புதான் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அதற்குள் ஒன்றிரண்டாக இருந்தவை ஒரு சிறு கொத்தாகியிருந்தன. அங்கே போகலாம் என்று சொன்னவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். வீட்டுக்கு வந்திருந்தபோது, பிள்ளையின் நிறை பார்க்கும் சாட்டில் அவரைத் தனியே அறைக்குள் அழைத்துக் கேட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், கிளினிக் நாள்களையும் நேரத்தையும் சொல்லி, "கடிதம் ஒண்டும் தேவையில்லை அக்கா, நேரா போங்கோ. பேரை அங்கை கூப்பிடமாட்டினம்" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. பதிவு செய்தபோது ஓர் இலக்கம் கொண்ட அட்டையைத் தந்தார்கள். அதன்பின் என்னை அழைத்ததெல்லாம் அந்த இலக்கத்தால்தான். பணம் எதுவும் வாங்கவில்லை. வைத்தியர் முதலில் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டு, கேட்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது தொடங்கியது, அரிப்போ இரத்தக்கசிவோ உண்டா, கர்ப்பமா, நீரிழிவு உண்டா, என்ன மருந்து பூசினீர்கள் என்ற கேள்விகளில், திருமணத்துக்கு வெளியே உறவு உண்டா என்பதும் இருந்தது. அந்தக் கேள்வியையும் நீரிழிவைக் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். பரிசோதனை மேசையில் போர்வை தந்தார்கள். தாதி உத்தியோகத்தர் ஒருவர் முடியும்வரை என் தலைப்பக்கத்தில் நின்றார். மருவோடு வேறு பாலியல் தொற்றுகளும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுத்தார்கள். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே எடுத்தார்கள். கருப்பைக் கழுத்தையும் பார்த்தார்கள்.

சிகிச்சையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பயம் அதில்தான் இருக்கிறது. முதல் முறை திரவ நைதரசனால் உறையவைத்தார்கள். உருக்குக் குடுவையின் மூடியைத் திறந்தபோது வெண்புகை விளிம்பால் வழிந்து மேசையில் இறங்கியது. பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தோய்த்து மருவின் மேல் வைத்தார். மருவும் அதைச் சுற்றி ஒரு நூலளவு தோலும் வெள்ளையாக மாறும்வரை பிடித்து, எடுத்து, நிறம் திரும்பியபின் இன்னொரு தடவை அதேபோல் செய்தார். முதலில் குளிர் தெரியவில்லை, சுள்ளென்ற எரிவுதான் தெரிந்தது. பிறகு ஒரு மந்தமான வலி அன்று மாலைவரை இருந்தது. அடுத்த நாள் சிறு கொப்புளம் எழுந்து, பின்னர் கருகி உதிர்ந்தது. இன்னொரு நாள் நைதரசன் வந்து சேரவில்லை என்று சொல்லி அமிலப் பூச்சுக்கு மாற்றினார்கள். இது முக்குளோரோஅசற்றிக்கமிலம், மருவின் புரதத்தை உறையச்செய்து அதை அழிப்பது. தாதி முதலில் மருவைச் சுற்றி நல்ல தோலில் வஸ்லின் பூசினார். வைத்தியர் அமிலத்தை மிகச் சிறிதளவு, மருவின் உச்சியில் மட்டும் தொட்டார். பால் ஊற்றியதுபோல் அந்த இடம் வெளுத்தது. எரிவு சில நிமிடங்கள் கடுமையாக இருந்தது. அந்த நிமிடங்களில் தாதி தன் பிள்ளைகளின் வீட்டிலிருந்த படிப்பைப் பற்றி என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தார். அது பயிற்சியால் வருவதா, இயல்பிலேயே இருப்பதா என்பது தெரியவில்லை. நான் பெற்ற சேவையில் மிக உயர்ந்தது அதுதான்.

ஒன்றிரண்டு தடவையில் முடிந்துவிடும் என்று அவர்கள் ஒருபோதும் ஏமாற்றவில்லை. கண்ணுக்குத் தெரியும் மருவை அகற்றலாம், தோலுக்குள் இருக்கும் வைரசை அந்தக் கணத்திலேயே அகற்ற முடியாது, மறைந்த மரு முதல் சில மாதங்களில் திரும்பி வருவது சாதாரணம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கும் திரும்பி வந்தது. அப்போது வைத்தியர் வீட்டில் பூசும் இமிக்குவிமொட் என்ற களிம்பை எழுதித் தந்தார். விலை கூடியது, வெளியே பாமசியில் வாங்கவேண்டியிருந்தது. 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு இறுகியபோது அதைத் தேடிக் கடைகடையாக அலைந்தேன். வாரத்துக்கு மூன்று இரவு, ஒன்றுவிட்டொரு நாளாக, மெல்லிதாகப் பூசி, ஆறு முதல் பத்து மணித்தியாலத்துக்குள் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். உச்ச அளவு பதினாறு வாரம். களிம்பு தோலில் இருக்கும்போது ஆணுறையை அது பலவீனப்படுத்தும் என்பதையும் சொல்லித் தந்தார்கள்.

தடுப்பூசியும் மருச் சிகிச்சையும் உண்மையாகவே சந்திக்கும் ஒரே இடம் இங்கேதான். இமிக்குவிமொட் மருவை நேராகச் சுடுவதில்லை. அந்த இடத்துத் தோலின் நோயெதிர்ப்புக் கலங்களை எழுப்பி, இன்டர்பெரோன் போன்ற பொருள்களைச் சுரக்கச்செய்து, உடம்பே வைரசை எதிர்க்கும்படி செய்கிறது. ஆகவே சிலருக்குத் தோல் சிவந்து புண்படுவதோடு, காய்ச்சல், உடல் உளைவு, தலையிடி ஆகியவையும் வரலாம். கொரோனா ஊசிக்குப் பின் வருவனவும் இவையேதான். பைசர் மூன்றாவது ஊசி போட்ட இரவில் எனக்குக் காய்ச்சலும் உளைவும் வந்தபோது, குற்றம் ஊசியினதா, களிம்பினதா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் சேர்ந்து ஏதோ செய்கின்றன என்று பயந்து களிம்பை நிறுத்திவிட்டேன். அடுத்த கிளினிக் நாளில் சொன்னபோது தாதி, "பிள்ளை, ஊசிக் காய்ச்சல் ரெண்டு மூண்டு நாளிலை போயிடும். அதுக்காக இதை விட்டிடாதேங்கோ. வேணுமெண்டா ஊசி போடுற அண்டைக்குப் பூசாமல் அடுத்த முறைக்குப் பூசுங்கோ" என்றார். மருத்துவரீதியாக அப்படி இடைவெளி விடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, காய்ச்சல் எதனால் என்று குழம்பாமல் இருப்பதற்கே அந்த ஒழுங்கு என்று வைத்தியரும் விளக்கினார். தனியார் மருத்துவமனையின் "தாங்க ஏலாது" என்ற ஒரு வரிக்கும் இந்த விளக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசிப்பவர்களே அளந்துகொள்ளலாம்.

கணவரைப் பற்றிய பேச்சும் அங்கே நடந்தது. கணவரையும் வரச்சொன்னார்கள், கட்டாயப்படுத்தவில்லை. எச்.பி.வி. தொற்றியபின் மாதக்கணக்காக, சிலரில் ஆண்டுக்கணக்காகவும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. ஆகவே இன்று தோன்றிய மருவை வைத்து, யாரிடமிருந்து, எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது என்று வைத்தியர் எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்திச் சொன்னார். திருமணத்துக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். கணவர் வேலைக்காகச் சில காலம் வெளிநாட்டில் இருந்தவர் என்பதால், அந்த அறைக்குள் போகும்போது எங்கள் இருவர் மனத்திலும் இருந்தது என்ன என்பதை எழுதத் தேவையில்லை. சண்டையாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று, அந்தப் பத்து நிமிட விளக்கத்தால் ஒரு நோயின் அளவுக்குச் சுருங்கியது.

அரச நிலையத்திலும் குறைகள் உண்டு. வேலை நாள்களில் பகலில் மட்டுமே பார்ப்பதால், கடையிலோ பாடசாலையிலோ வேலை செய்யும் பெண் ஒவ்வொரு தடவையும் லீவுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சியின் கரையோரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். எரிபொருள் வரிசை நீண்ட 2022இல் பலர் இடைநடுவில் நின்றிருப்பார்கள். காத்திருக்கும் இடத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே வாங்குகளில் இருக்கவேண்டியிருந்தது. எழுதித்தந்த அறிவுறுத்தல் தாளின் தமிழ், மொழிபெயர்ப்புத் தமிழாக இருந்தது. தாதி வாயால் சொன்ன தமிழில் அதை அச்சடித்தால் யாருக்கும் விளங்கும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும். கர்ப்பகாலத்தில் மரு வேகமாகப் பெருகுவதுண்டு. இமிக்குவிமொட், மருவில் பூசும் இன்னொரு மருந்தான பொடோபைலொடொக்சின் ஆகியவற்றை அக்காலத்தில் தவிர்ப்பார்கள். உறையவைப்பதும் அமிலப் பூச்சும் கொடுக்கலாம். மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கவேண்டியதில்லை, பிறப்புப் பாதையை அது அடைத்தாலோ பெரிதாக இரத்தம் போகும் நிலை இருந்தாலோதான் அப்படிச் செய்வார்கள். கொரோனாத் தடுப்பூசியும் கர்ப்பிணிகளுக்கு 2021 நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் போடப்பட்டது.

தாய்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் 2017ஆம் ஆண்டிலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. பாடசாலைகள் மாதக்கணக்காக மூடியிருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் அது தவறிய பிள்ளைகள் இருக்கக்கூடும். "கொரோனா ஊசி போட்டாச்சுத்தானே, இனி ஏன் இன்னொண்டு" என்று என் மச்சாளே தன் மகளின் ஊசியை ஒதுக்கிவிடப் பார்த்தார். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, புற்றுநோயோடு இந்த மருவையும் தடுக்கும். ஆனால் வந்துவிட்ட மருவை அது மாற்றாது. பிள்ளைக்குத் தவறியிருந்தால் பாடசாலையிலோ, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரிக்கவேண்டும். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்கான பப் பரிசோதனையும் (கருப்பைக் கழுத்தின் கலங்களில் புற்றுநோய்க்கான மாற்றம் உண்டா என்று பார்ப்பது) அதே பணிமனையின் கீழுள்ள சுகவனிதையர் கிளினிக்கில் இலவசம். மரு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அது ஒன்றுபோலவே தேவை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நான் போன காலத்தில் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோவது நல்லதாக இருந்தது, அது இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துப் போனால் பரிசோதனை இலகுவாக இருக்கும். தளர்வான பருத்தி உள்ளாடையோடு போங்கள். சிகிச்சை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து வீடு திரும்பவேண்டியிருக்கும். கால், கை மருவுக்கென்று பாமசியில் விற்கும் அமில மருந்தை அந்த இடத்தில் பூசவேண்டாம். அது நல்ல தோலையும் சேர்த்துச் சுடும், புண்ணாறும் வரை வைத்தியராலும் ஒன்றும் செய்ய இயலாது. இலக்க அட்டையைத் தொலைக்காதீர்கள். எனக்கு மரு முழுவதும் போனபின் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்த்து, சுகம் என்று எழுதினார்கள். மீண்டும் தோன்றினால் புதிதாகப் பதியத் தேவையில்லை, அதே அட்டையோடு நேராக வரலாம் என்றும் சொன்னார்கள்.